நிர்வாணத்தில் இல்லாத வெட்கம்: கிரேக்க – ரோம உலகில் ஆண் உடலும் விருத்தசேதனமும்

ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் கி.மு. 470 வாக்கில் தீட்டப்பட்ட ஒரு மண்ஜாடி இருக்கிறது. அந்நியர்களைப் பலியிடும் எகிப்திய மன்னன் புசிரிஸின் பூசாரிகளை ஹெராக்ளிஸ் தூக்கிப்போட்டு அடிக்கும் காட்சி அதில். பூசாரிகளுக்கு மழித்த தலை, சப்பை மூக்கு. அடிதடியில் அவர்களுடைய அங்கி விலக, குறி வெளியே தெரிகிறது. அதில் முன்தோல் இல்லை என்பதை ஓவியர் மெனக்கெட்டுக் கோடிழுத்துக் காட்டியிருக்கிறார். ஹெராக்ளிஸும் ஆடையில்லாமல்தான் நிற்கிறான். அவனுடைய குறி சிறியது. தோலால் முழுக்க மூடப்பட்டு நுனியில் கூம்பியிருக்கிறது. இருவரும் அம்மணம்தான். ஆனால் ஜாடியைக் கையில் எடுத்த ஏதென்ஸ்காரன் பூசாரிகளைப் பார்த்துத்தான் சிரித்திருப்பான்.

ஏன் சிரித்தான் என்பது புரிந்தால், அதன்பிறகு ஆறு நூற்றாண்டுகள் மத்தியதரைக் கடலைச் சுற்றி நடந்த பல விஷயங்கள் புரியும். ஜெருசலேமில் ஒரு விளையாட்டுக்கூடம் கலகத்துக்கு வித்திட்டதும், ரோமில் தொண்ணூறு வயது முதியவரின் ஆடையை நீதிமன்றத்தில் விலக்கிப் பார்த்ததும் இந்தச் சிரிப்பின் தொடர்ச்சிகள்தாம்.

கிரேக்கர்களுக்கு நிர்வாணம் கூச்சமில்லாத விஷயம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஆண்கள் உடற்பயிற்சிக்கூடத்திலும் விளையாட்டுப் போட்டியிலும் ஆடை களைந்தார்கள், கடைத்தெருவில் அல்ல. அந்த வழக்கமும் ஆதியிலிருந்து வந்ததல்ல என்பதை அவர்களே அறிந்திருந்தார்கள். முதலில் ஆடை களைந்து எண்ணெய் பூசிக்கொண்டவர்கள் ஸ்பார்டாக்காரர்கள் என்றும், முன்பெல்லாம் ஒலிம்பிக் போட்டியிலேயே இடுப்பில் துணி கட்டியிருந்தார்கள் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதுகிறார். ஆண்கள் அம்மணமாக நிற்பதைக் கேலிக்குரியதாகக் கிரேக்கர்களும் சமீபகாலம்வரை நினைத்தார்கள் என்று பிளேட்டோவின் ‘குடியரசு’ நினைவூட்டுகிறது. ஆனால் அந்தக் காலத்துக்குள் அது நாகரிகத்தின் அடையாளமாகிவிட்டது. உடலை மறைப்பவன் அந்நியன். வெயிலில் காய்ந்து எண்ணெயில் மின்னும் உடலைத் தயங்காமல் காட்டுபவன் கிரேக்கக் குடிமகன்.

ஆடையைக் களைந்துவிட்ட ஊரிலும் எங்கோ ஓரிடத்தில் வெட்கத்தின் எல்லை இருக்கத்தானே வேண்டும்? கிரேக்கர்கள் அதை முன்தோலின் நுனியில் வைத்தார்கள். குறியின் முனையான மொட்டு மூடியிருக்கும்வரை ஆண் உடல் கண்ணியமாகவே இருக்கிறது. மொட்டு தெரிந்தால் அவன் கிளர்ச்சியில் இருக்கிறான், அல்லது குடித்திருக்கிறான், அல்லது அடிமை, அல்லது அந்நியன். அதனால்தான் மல்லர்களும் ஓட்டக்காரர்களும் முன்தோலின் நுனியை மெல்லிய தோல்வாரால் கட்டி, சிலசமயம் அந்த வாரை இடுப்போடு இழுத்து முடிந்துகொண்டார்கள். இந்த வாருக்கு ‘நாய்க்கயிறு’ என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் உண்டு. குறி துள்ளாமல் இருக்க என்று இன்றைய சிலர் விளக்குகிறார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் விருந்துகளில் கிடந்து குடிப்பவர்களையும் இந்தக் கயிற்றோடு சில ஜாடிகள் காட்டுகின்றன. படுத்துக் குடிப்பவனுக்கு ஓட்டத்தில் என்ன இடைஞ்சல்? கட்டியவன் தன்னை அடக்கத் தெரிந்தவன் என்பதுதான் அதன் முதன்மையான செய்தி.

அளவைப் பற்றிய எண்ணமும் இதே அடக்கத்திலிருந்து வந்ததுதான். அருங்காட்சியகத்தில் கிரேக்கச் சிலைகளைப் பார்த்து, இவ்வளவு திரண்ட தோளுக்கு இவ்வளவு சிறிதா என்று கிசுகிசுப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். சிற்பிக்குக் கை நடுங்கவில்லை. அரிஸ்டோஃபனீஸின் ‘மேகங்கள்’ நாடகத்தில் (முதல் அரங்கேற்றம் கி.மு. 423) பழைய ஒழுக்கத்துக்காக வாதாடும் பாத்திரம் தன் பயிற்சிமுறையின் பலன்களை அடுக்குகிறது: பொலிவான தோல், அகன்ற தோள், சிறிய நாக்கு, சிறிய குறி. புதிய மோஸ்தரில் போனால் வெளிறிய தோல், ஒடுங்கிய தோள், நீண்ட நாக்கு, பெரிய குறி, போதாததற்கு நீண்ட சட்டத் தீர்மானம்! வாயடக்கமும் உடலடக்கமும் ஒரே பட்டியலில் வருவதைக் கவனிக்க வேண்டும். அரிஸ்டாட்டில் இதற்கு அறிவியல் சாயம் பூசினார். குறி நீண்டிருந்தால் விந்து பயணிக்கும் வழியில் குளிர்ந்துபோகும். ஆகவே கருத்தரிப்பதற்குச் சிறியதே மேல் என்பது அவர் வாதம். தப்பான உடலியல்தான். ஆனால் எந்தப் பக்கம் சாய்ந்த தப்பு என்பது சுவாரஸ்யமானது.

பெரிய குறி யாருக்கு? சட்டைர் எனப்படும் பாதி விலங்கு மனிதர்களுக்கு. குடித்துவிட்டுப் பெண்களைத் துரத்தி எப்போதும் ஏமாந்துபோகிற கூட்டம் அது. நகைச்சுவை நாடக நடிகர்களும் தோலில் தைத்த குறியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு மேடையேறினார்கள். நுனியில் சிவந்து தடித்துத் தொங்கும் அந்தத் தோல் உருப்படியைக் காட்டிச் சிரிப்பு வாங்குவது மலிவான வேலை, என் நாடகம் அப்படியல்ல என்று அதே ‘மேகங்கள்’ பெருமையடித்துக்கொள்கிறது. நுனி சிவந்தது என்றால் மொட்டு தெரிகிறது என்று பொருள். கோமாளிக்கு இலக்கணமே அதுதான்.

இதையெல்லாம் வைத்துக் கிரேக்கர்களைச் சங்கோஜிகள் என்று நினைத்துவிடக் கூடாது. ஏதென்ஸ் வீட்டு வாசல்களில் ஹெர்மீஸின் தலையும் விறைத்த குறியும் செதுக்கிய சதுரத் தூண்கள் நின்றன. கி.மு. 415இல், சிசிலிப் படையெடுப்புக்குக் கப்பல்கள் புறப்படவிருந்த நேரத்தில், ஒரே இரவில் அந்தத் தூண்கள் பல சிதைக்கப்பட்டபோது நகரமே நடுங்கிப்போய் விசாரணை நடத்தியது. டயோனிசஸ் திருவிழாவில் பெரிய மரக்குறிகளை ஊர்வலமாகத் தூக்கிச் சென்றார்கள். பிரேயா என்ற குடியேற்ற ஊரை நிறுவியபோது, விழாவுக்கு அங்கிருந்து ஒரு குறி அனுப்பிவைக்க வேண்டும் என்று ஏதென்ஸ் கல்வெட்டில் பொறித்தே கட்டளையிட்டது. வளம் தரும் தெய்வத்துக்கு விறைப்பு ஆகும். காவல் தெய்வத்துக்கும் ஆகும். மானமுள்ள மனிதனுக்குத்தான் ஆகாது.

இந்தப் பின்னணியில் விருத்தசேதனம் எப்படித் தெரிந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. முன்தோலை நீக்கிய ஒருவன், அவன் எவ்வளவு ஒழுக்கசீலனாக இருந்தாலும், கிரேக்கக் கண்ணுக்கு நிரந்தரமாக அவிழ்ந்து நிற்பவன். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இதை வெறுப்பில்லாமல் பதிவுசெய்கிறார்: எகிப்தியர்கள் சுத்தத்துக்காக விருத்தசேதனம் செய்துகொள்கிறார்கள், அழகாக இருப்பதைவிடச் சுத்தமாக இருப்பது மேல் என்பது அவர்கள் எண்ணம். சுகாதார வாதத்தை அவர் மறுக்கவே இல்லை. ஒப்புக்கொண்டுவிட்டு, போவது அழகு என்கிறார். இன்றைக்கு விருத்தசேதனத்தை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் பண்டைக் கிரேக்கர்களைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். இரு தரப்பும் கேட்கும் மருத்துவக் கேள்வியைக் கிரேக்கர்கள் கேட்கவில்லை என்பதே உண்மை. அவர்களுடைய மறுப்பு முழுக்க முழுக்கக் கண்ணுக்கு அழகு, ஊருக்குள் மானம் சார்ந்தது.

ஹெரோடோட்டஸ் இன்னொரு தகவலும் தருகிறார். கோல்கியர், எகிப்தியர், எத்தியோப்பியர் ஆகியோரே ஆதிமுதல் விருத்தசேதனம் செய்கிறவர்கள். ஃபினீசியரும் பாலஸ்தீனச் சிரியரும் எகிப்தியரிடம் கற்றுக்கொண்டவர்கள். ஆனால் கிரேக்கர்களோடு வணிகத் தொடர்பு கொண்ட ஃபினீசியர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அதைச் செய்வதை விட்டுவிட்டார்கள். யாரும் தடை போடவில்லை, அபராதம் விதிக்கவில்லை. கேலிச் சிரிப்பு ஒன்றே ஒரு பரம்பரை வழக்கத்தை ஒரு தலைமுறையில் கரைக்கப் போதுமானதாக இருந்திருக்கிறது. பின்னால் வந்த பேரரசர்களின் சட்டங்களைவிட இது எனக்குப் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

அலெக்சாந்தருக்குப் பிறகு எகிப்து முதல் சிரியா வரை கிரேக்க நகரங்கள் முளைத்தன. எந்த ஊருக்குப் போனாலும் கிரேக்கர்கள் முதலில் கட்டியவற்றில் ஒன்று ஜிம்னாசியம் என்ற உடற்பயிற்சிக்கூடம். பிள்ளைகள் படிப்பது அங்கே, செல்வந்தர்கள் நட்பு பிடிப்பது அங்கே, குடிமக்கள் பட்டியலில் பெயர் ஏறும் வழியும் அதுவே. அங்கே நுழைய ஆடையைக் களைய வேண்டும். களைந்தவுடன் யார் எந்த இனம் என்று தெரிந்துவிடும்.

கி.மு. 175 வாக்கில் இது ஜெருசலேமுக்கு வந்தது. யாசோன் என்பவர், சிரியாவை ஆண்ட கிரேக்கச் செலூக்கிய வம்சத்து மன்னன் நான்காம் அந்தியோகஸிடம் பெரும்பணம் கொடுத்துத் தலைமைக் குருப் பதவியை வாங்கினார். ஜிம்னாசியம் கட்டவும் ஊர்க்காரர்களை அந்தியோகியக் குடிமக்களாகப் பதிவு செய்யவும் மேலும் 150 தாலந்து வெள்ளி தருவதாகச் சொன்னார். குருக்கள் பலிபீடத்தை விட்டுவிட்டு வட்டெறியும் மைதானத்துக்கு ஓடினார்கள் என்று கத்தோலிக்கத் தமிழ் விவிலியத்தில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூல் கசப்போடு சொல்கிறது. அவர்கள் தங்கள் விருத்தசேதனத்தை மறைத்துக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டு மக்கபேயர் முதல் நூலில் வருகிறது. ஆடை களைந்த நிலையிலும் கிரேக்கர்போலத் தோன்றவே அப்படிச் செய்தார்கள் என்று பின்னாளைய யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் விளக்குகிறார். அது மதமாற்றம்கூட அல்ல. மேட்டுக்குடி இளைஞர்கள் மேடையேற ஆசைப்பட்டார்கள். மேடைக்கு ஓர் உடை விதி இருந்தது. அந்த உடை தோலாக இருந்துவிட்டதுதான் சிக்கல்.

கேலி சாதித்துவந்ததைக் கட்டளை கெடுத்தது. கி.மு. 167இல் அந்தியோகஸ் விருத்தசேதனத்தையே தடைசெய்தான். பிள்ளைக்கு விருத்தசேதனம் செய்வித்த தாய்மார்கள் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளை அவர்கள் கழுத்தில் தொங்கவிட்டார்கள் என்கிறது மக்கபேயர் முதல் நூல். கலகம் வெடித்தது, யூத அரசு எழுந்தது. அந்த அரசு என்ன செய்தது? அதன் ஆட்சியாளர் யோவான் ஹிர்கானஸ் தெற்கே இதுமேயரை வென்று, நாட்டில் இருக்க வேண்டுமானால் விருத்தசேதனம் செய்துகொள்ளுங்கள் என்றார். இரண்டு தலைமுறைக்கு முன்பு தடைசெய்யப்பட்டிருந்த வெட்டு, இப்போது கட்டாயமானது. அப்படி உள்ளே வந்த இதுமேயக் குடும்பம் ஒன்றின் வழியில்தான் மகா ஏரோது பிறந்தார்.

ரோமர்கள் வேறு ரகம். பொது நிர்வாணமே அவர்களுக்கு முதலில் ஒவ்வாது. குடிமக்கள் நடுவே உடலைத் திறந்துகாட்டுவது இழிவின் தொடக்கம் என்ற பழங்கவி என்னியஸின் வரியைச் சிசரோ மேற்கோள் காட்டுகிறார். கிரேக்கர்களின் ‘சிறியதே அழகு’ என்ற கோட்பாடும் அவர்களிடம் அப்படியே ஒட்டவில்லை. குளியலறையில் கைதட்டல் கேட்டால் மாரோ வந்துவிட்டான் என்று தெரிந்துகொள் என்று மார்ஷியல் எழுதும் கவிதையை ஏதென்ஸில் யாரும் பாராட்டாகப் புரிந்துகொண்டிருக்க மாட்டார்கள். குறி ரோமர்களுக்குத் திருஷ்டி கழிக்கும் பொருள். குழந்தை கழுத்தில் தாயத்தாக, கடைவாசலில் மணிகள் கோத்த வெண்கலமாக, பாம்பெயி நகரத் தெருக்கல்லில் புடைப்பாக எங்கும் இருந்தது. வெற்றி ஊர்வலத் தேரின் அடியில்கூட அதைக் கட்டித் தொங்கவிட்டார்கள் என்றும், கன்னித்தன்மைக்குப் பேர்போன வெஸ்டா பூசாரிணிகளே அந்தக் குறித் தெய்வத்துக்குப் பூசை செய்தார்கள் என்றும் பிளினி எழுதுகிறார். பாம்பெயியில் வெட்டீ (Vettii) என்போரின் வீட்டு வாசலில் வளத் தெய்வம் பிரியாபஸ் தன் குறியைத் தராசில் வைத்துப் பணப்பையோடு எடைபோட்டுக்கொண்டு நிற்கிறான். இந்த வகைப் பொருள்களை நேப்பிள்ஸ் அருங்காட்சியகம் 19ஆம் நூற்றாண்டில் ‘இரகசிய அறை’யில் பூட்டி வைத்தது, எல்லோருக்கும் முறையாகத் திறந்துவிட்டது 2000ஆம் ஆண்டில்.

ஆனாலும் மொட்டு தெரிவது அசிங்கம் என்ற கிரேக்க ரசனையை ரோமர்கள் குளியலறைகளோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். விருத்தசேதனம் அங்கே யூதரைக் குறிக்கும் சுருக்கெழுத்தானது. ஹொரேஸும் ஜூவனலும் பெர்சியஸும் ஆளுக்கு ஒரு வரி குத்தியிருக்கிறார்கள். தாங்கள் தனித்துத் தெரியவே யூதர்கள் இந்த வழக்கத்தை ஏற்படுத்தினார்கள் என்கிறார் டாசிட்டஸ். மார்ஷியலின் கதை ஒன்று இன்னும் குரூரமானது. மேனோஃபிலஸ் என்பவன் பெரிய உறை ஒன்றால் குறியை மூடிக்கொண்டு குளிக்க வருவான். பாடகர்கள் குரல் கெடாமலிருக்க முன்தோலில் வளையம் மாட்டிக்கொள்வது அக்கால வழக்கம். இவனும் குரலைப் பேணுகிறான் போலும் என்று கவிஞர் நினைத்தார். ஒருநாள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மைதானத்தின் நடுவில் அது நழுவி விழுந்தது. விருத்தசேதனம் செய்தவன்! கவிதை அங்கே சிரித்து முடிகிறது. உறை நழுவிய மனிதனுக்கு அன்று என்ன நடந்தது என்று கவிதைக்கு அக்கறை இல்லை.

சிரிப்பிலிருந்து தப்ப மருத்துவம் உதவ முன்வந்தது. பேரரசர் திபேரியஸின் காலத்தவரான செல்சஸ் தன் மருத்துவ நூலில் முன்தோலை மீட்கும் அறுவைச் சிகிச்சையை விவரிக்கிறார். நோக்கத்தை ஒளிக்கவில்லை: தோற்ற அழகுக்காக. இயற்கையிலேயே தோல் குறைந்தவர்களுக்கு ஒரு முறை. சில இனத்தாரின் வழக்கப்படி வெட்டிக்கொண்டவர்களுக்கு வேறு முறை. பின்னதில் மொட்டின் விளிம்பையொட்டிச் சுற்றிலும் கீறி, தண்டின் தோலைத் தளர்த்தி, மொட்டின்மேல் இழுத்துவிட்டு, மீண்டும் ஒட்டிக்கொள்ளாமல் மருந்துக் கட்டு போட வேண்டும். வலி அதிகம் இருக்காது என்கிறார். மயக்கமருந்து இல்லாத காலத்தில் மருத்துவர் சொல்லும் இந்த வாக்கியத்தை எந்த அளவு நம்புவது என்பது வாசகர் விருப்பம். காயம் ஆறும்வரை நோயாளியைப் பட்டினிக்கு அருகில் வைத்திருக்க வேண்டும் என்ற அறிவுரையில்தான் அனுபவம் தெரிகிறது: வயிறு நிறைந்தால் அந்த உறுப்பு கிளர்ந்து காயத்துக்குச் சேதம் வரும். கத்திக்கு அஞ்சுகிறவர்களுக்கு டயஸ்கோரிடீஸ் தேன் பூசித் தேய்க்கும் வைத்தியம் சொன்னார். சொரானஸின் மகப்பேறு நூலில், பச்சிளங்குழந்தையின் முன்தோல் குட்டையாக இருந்தால் செவிலி அதை மெல்ல இழுத்துவிட வேண்டும் என்று குறிப்பு இருக்கிறது. மூக்கைப் பிடித்துவிடுவது, தலையை உருண்டையாக்குவது போன்ற குழந்தை வளர்ப்புக் காரியங்களில் இதுவும் ஒன்று.

மறுபக்கத்துக் குரல்களும் பதிவாகியிருக்கின்றன. அலெக்சாந்திரியாவின் யூதத் தத்துவ அறிஞர் ஃபைலோ, பலராலும் கேலிசெய்யப்படும் வழக்கம் என்று ஒப்புக்கொண்டே விருத்தசேதனத்துக்காக வாதாடுகிறார். முன்தோலில் வரும் புண்ணைத் தடுக்கும், சுத்தம் காக்கும், மகப்பேறு பெருக்கும், ஆசைகளை அறுப்பதன் அடையாளமாக இருக்கும் என்று காரணங்கள் அடுக்குகிறார். கிரேக்கம் படித்தவர்களை நோக்கி எழுதுவதால், கடவுளின் உடன்படிக்கை என்பதைவிட மருத்துவமே அங்கே முன்வரிசையில் நிற்கிறது. ஜொசிஃபஸுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. யூதரைப் பழித்த எகிப்தியனான ஏப்பியனுக்கு அவர் எழுதிய பதிலில், உன் நாட்டுப் பூசாரிகள் எல்லோரும் விருத்தசேதனம் செய்தவர்கள்தாமே என்று மடக்குகிறார். அதோடு விடவில்லை: ஏப்பியனுக்கே குறியில் புண் வந்து, விருத்தசேதனம் செய்துகொள்ள நேர்ந்து, அதுவும் பலிக்காமல் அழுகிச் செத்தான் என்று எழுதிவைத்தார். உண்மையோ பழியோ, எழுதியவர் அதை மிகவும் ரசித்திருக்கிறார்.

யூதர்களுக்குள்ளேயே தோன்றிய இயேசு இயக்கம் இதே முடிச்சில்தான் முதல் பெரிய சண்டையைப் போட்டது. யூதரல்லாதவர்கள் உள்ளே வர முன்தோலை விடவேண்டுமா? வேண்டாம் என்றார் பவுல். கிரேக்கரான தீத்துவை அவர் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அதே பவுல், தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்தார் என்கிறது அப்போஸ்தலர் நூல். கொரிந்தியருக்கு அவர் எழுதிய முதல் கடிதத்தின் 7ஆம் அதிகாரத்தில், விருத்தசேதனம் பெற்றவன் அதை மறைக்க வழிதேட வேண்டாம் என்று ஒரு வரி வரும். உருவகம் என்று நினைத்துப் பலர் கடந்துபோகிறார்கள். செல்சஸின் கத்தியை நினைவில் வைத்துப் படித்தால் பவுல் நேரடியாகவே பேசுகிறார் என்பது தெரியும். கொரிந்து, ஜிம்னாசியமும் குளியலறையும் நிறைந்த நகரம்.

கி.பி. 70இல் ஜெருசலேம் ஆலயம் எரிந்தபின் ரோம அரசு யூதர்கள்மீது தலைக்கு ஆண்டுக்கு இரண்டு டெனாரி வரி போட்டது. முன்பு தங்கள் ஆலயத்துக்கு அனுப்பிய காணிக்கை இனி ரோமின் யூபிட்டர் கோயிலுக்கு. பேரரசர் டொமிஷியன் காலத்தில் அதிகாரிகள் வரிக்குத் தப்பியவர்களைத் துருவித் தேடினார்கள். தொண்ணூறு வயதான ஒருவரை, நெரிசலான நீதிமன்றத்தில், விருத்தசேதனம் செய்தவரா என்று அதிகாரி பரிசோதித்ததை இளவயதில் தானே நேரில் பார்த்ததாகச் சூட்டோனியஸ் எழுதுகிறார். கேலிக்குரியதாக இருந்த உடற்குறி, இப்போது அரசின் ஆவணம். கி.பி. 96இல் பதவிக்கு வந்த நெர்வா, இந்த வரியின் பெயரால் நடந்த அவதூறுகள் ஒழிந்தன என்று நாணயத்தில் பொறித்தார். வரி மட்டும் ஒழியவில்லை.

பேரரசர் ஹட்ரியன் விருத்தசேதனத்தைத் தடைசெய்ததால்தான் கி.பி. 132இல் யூதர்களின் பார் கொக்பா கலகம் வெடித்தது என்று அடிக்கடி எழுதப்படுகிறது. இதற்கு ஆதாரம், நம்பகம் குறைந்த பிற்காலப் பேரரசர் வரலாற்றுத் தொகுப்பொன்றின் ஒற்றை வரி. ஜெருசலேம் இருந்த இடத்தில் ரோமக் குடியேற்ற நகரம் எழுப்பியதே காரணம் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ. எனக்கு டியோவின் காரணம்தான் எடையுள்ளதாகப் படுகிறது. உறுதியாக நிற்பது அடுத்த பேரரசர் அன்டோனினஸ் பயஸின் ஆணை: யூதர்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் செய்துகொள்ளலாம், மற்றவருக்குச் செய்தால் காயடித்தவனுக்கு உரிய தண்டனை. யூத மதத்துக்கு மாறும் வழியை இது அடைத்தது. எகிப்தியப் பூசாரிகளும் இந்த வலையில் விழுந்தார்கள். பூசாரிக் குடும்பத்துச் சிறுவனுக்கு விருத்தசேதனம் செய்ய, அவனுடைய வம்சாவளிச் சான்றோடும் உடலில் ஊனமில்லை என்ற உறுதியோடும் ரோம அதிகாரியிடம் மனுப்போட வேண்டும். அப்படிப்பட்ட மனுக்கள் பப்பிரஸ் தாள்களில் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

யூத மத அறிஞர்களான ரபிகள் எடுத்த நடவடிக்கை மனுவில் அல்ல, வெட்டில் இருந்தது. வெளித்தோலை மட்டும் நறுக்கினால் மிச்சத் தோலை இழுத்து மறைக்க இடமிருந்தது. செல்சஸின் சிகிச்சைக்கும் அதுவே மூலதனம். முன்தோலை நறுக்கிய பிறகு உள்படலத்தையும் கிழித்துப் பின்தள்ளி மொட்டை முழுவதுமாகத் திறந்துவிட வேண்டும் என்ற இரண்டாம் கட்டம் விதியானது. மறைப்பதைத் தடுக்கவே இது வலியுறுத்தப்பட்டது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் தீர்ப்பு தெளிவானது: இந்த இரண்டாம் கட்டம் இல்லாமல் செய்த விருத்தசேதனம், செய்யாததற்குச் சமம்.